திருத்தணியில் காரை விட்டவர் எத்தனை பேர்?

"நீங்க கடைசியா எப்போ காரை வீட்டிலேயே விட்டுட்டு சைக்கிள்ல வந்தீங்க?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான்.

நான் அப்போது முனிரத்தினத்தின் சைக்கிள் கடை வாசலில், பங்ச்சரான பின் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தேன். வேட்டியில் கிரீஸ். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்று வார் அறுந்து தைக்கப் போயிருந்தது. இந்தக் கோலத்தில் இருக்கிறவனைப் பார்த்து ஒருவர் காரைப் பற்றிக் கேட்கிறார் என்றால்... ஒன்று, அவருக்குக் கண் சரியில்லை. அல்லது எனக்கே தெரியாமல் எனக்கு ஒரு கார் இருக்கிறது. இரண்டாவதுதான் உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று மனசு ஒரு நிமிஷம் ஆசைப்பட்டதை உங்களிடம் மறைப்பானேன்?

"எனக்கு கார் இல்லீங்களே சார்" என்றேன்.

அவர் கையிலிருந்த அட்டையில் எதையோ குறித்துக்கொண்டார். "சரி, அடுத்த கேள்வி. காரைக் கைவிட உங்களுக்குத் தடையா இருக்கிறது எது?"

"கார் இல்லாததுதான் சார்."

உள்ளே டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த முனிரத்தினம் தலையைத் தூக்கினான். "எழுதிக்கோங்க சார். பாவா கார் வாங்கினதும் மொத வேலையா விட்டுடுவாரு. அதுக்கு நான் ஜவாப்தாரி."

முனிரத்தினம் எனக்கு ஒரு வகையில் மைத்துனன் முறை. எந்த வகையில் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஆனாலும் அவன் என்னைப் 'பாவா' என்பான். நான் பங்ச்சருக்கு அவனிடம்தான் போவேன். எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்தில் சொந்தம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி கேட்டவர் வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தார். சென்னையிலிருந்து வந்த ஆய்வாளர். ஏதோ ஒரு சங்கம் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாம், கோபன்ஹேகன், இன்னும் வாயில் நுழையாத மூன்று நான்கு ஊர்கள். அங்கெல்லாம் கார் பெருத்துப் போய், ஜனங்களைத் திரும்பவும் சைக்கிளில் ஏற்றப் படாத பாடு படுகிறார்களாம். எந்த ஊரில் எந்த முயற்சி பலித்தது, எது பலிக்கவில்லை என்று மதிப்பீடு செய்து வந்திருக்கிறார். இப்போது அதே முயற்சிகளை அதே கேள்வித்தாளோடு இந்தியாவில் ஒரு ஊரில் பத்து நாள் செய்து பார்த்து, ஒப்பிட வேண்டுமாம்.

எத்தனையோ ஊர் இருக்க, திருத்தணி எதற்கு?

"முருகனையும் பார்த்துட்டு வந்த மாதிரி இருக்குமேன்னுதான்..." என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு.

அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. முனிரத்தினம் அன்றைக்கே அவருக்குப் பெயர் வைத்துவிட்டான்: ஐரோப்பா சார்.

எங்கள் ஊரில் சைக்கிளைப் பரப்ப வேண்டும் என்பது, கடலிடம் போய் 'கொஞ்சம் தண்ணி குடிச்சுப் பாரேன்' என்று சொல்கிற மாதிரி. பள்ளிப்பட்டிலிருந்து புடவை மூட்டை சைக்கிளில் வருகிறது. பால் சைக்கிளில் வருகிறது. மாமியார் கேரியரில் வருகிறார். ஒரு தடவை, ஒரு ஆட்டுக்கடா கூட மனிதர் மாதிரியே முன் பாரில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் என்னத்தைப் பரப்புவது?

ஆனால் ஐரோப்பா சார் அசரவில்லை.

"ஆம்ஸ்டர்டாம்ல சில இளைஞர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? சைக்கிளுக்கெல்லாம் வெள்ளை பெயிண்ட் அடிச்சு, பூட்டாம தெருவில விட்டாங்க. யார் வேணாலும் எடுத்துட்டுப் போகலாம், எங்கே வேணாலும் விடலாம்!"

முனிரத்தினம் யோசித்தான். "நம்ம வாடகைக் கடையும் அப்பிடித்தான் சார் நடந்துகினு கீது. பெயிண்ட் மட்டும்தான் அடிக்கல்ல."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் நர்சம்மா வந்தார்.

சரோஜா என்பது பெயர். ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாற்பதைத் தாண்டியவர். ஒரு கையில் குடை, ஒரு கையில் பிரசவப் பை. சுற்று வட்டாரத்தில் எட்டுப் பத்துக் கிராமம் அவர் பொறுப்பு. பஸ் போகிற ஊருக்கு பஸ். போகாத ஊருக்கு நடை. வேலைக்குப் படித்த இடத்தில் நன்றாக சைக்கிள் ஓட்டியவர்தான். லேடீஸ் சைக்கிள் ஒன்று வேண்டும் என்று மேலே எழுதிப் போட்டு, 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்து, அந்தப் பதிலே பழுப்பேறிவிட்டது. முனிரத்தினம் கடையில் எல்லாமே குறுக்குப் பாருள்ள ஆம்பிளை சைக்கிள். புடவையோடு அதில் எப்படி ஏறுவது?

ஐரோப்பா சார் அவரிடமும் அட்டையை நீட்டினார். "நீங்க வேலைக்கு எப்படிப் போறீங்கம்மா?"

"நடந்துதான் சார்."

"அருமை!" ஐரோப்பா சார் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்கதாம்மா உதாரணம். இப்படியே இருங்க."

"இப்படியே இருக்க முடியாமத்தான் சார் ஒரு சைக்கிள் கேட்டுகினு கீறேன்" என்றார் நர்சம்மா. அவர் குரலில் கோபம் இல்லை; களைப்பு இருந்தது. "போன ஆடியில ஒரு ஊட்டுக்கு அரை மணி நேரம் லேட்டா போய்ச் சேர்ந்தேன். அரை மணிதான்..."

குடையை விரித்து மடக்கினார். முனிரத்தினம் டியூபைப் பார்த்துக்கொண்டான். அந்த வீடு எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஐரோப்பா சார் மெதுவாக, "எங்க சங்கம் ஒரு புது லேடீஸ் சைக்கிள் கொடுத்திருக்கும்மா. பத்தாம் நாள் பரிசு" என்றார்.

நர்சம்மா நிமிர்ந்தார்.

"ஆனா விதி என்னன்னா... காரை விட்டுட்டு சைக்கிளுக்கு மாறினவங்களுக்குத்தான் கொடுக்கலாம். நடக்கிறவங்க சைக்கிளுக்கு மாறினா அதை வெற்றியாக் கணக்கில எடுக்க மாட்டாங்க. ஐரோப்பா பூரா அப்படித்தான். ரோட்டில ஒரு கார் குறையணும். அதுதான் அளவுகோல்."

"அப்போ நான் மொதல்ல ஒரு கார் வாங்கணுமா சார்?"

அவர் அதற்குப் பதிலை அட்டையில் தேடினார். கேள்வித்தாளின் முதுகைத் திருப்பிக்கூடப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

அடுத்த பத்து நாள் எங்கள் ஊர் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் முயற்சி, சைக்கிளுக்கென்று தனிப் பாதை. கோபன்ஹேகனில் ரோட்டு ஓரமாக அழகாகப் பிரித்துவைத்திருக்கிறார்களாம். இங்கே நெசவாளர் தெருவில், சுண்ணாம்பால் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. உள்ளே குப்பையெல்லாம் பெருக்கி, கல்லெல்லாம் பொறுக்கி, பாதை பளிச்சென்று இருந்தது. மறுநாள் விடிந்து ஐரோப்பா சார் எண்ணிக்கை எடுக்கப் போகிறார்... பாதை முழுக்க நூல்!

நெசவுக்காரர்கள் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். பாவு போடுவது என்போம். கல்லில்லாத, நேரான, சுத்தமான நீளத் தெரு கிடைப்பது அவர்களுக்கு எத்தனை அபூர்வம்!

"கவர்மென்ட்டே நமக்குன்னு கோடு போட்டுக் குடுத்துட்டாங்க சார்" என்று ஒரு அம்மாள் கைகூப்பினாள். "இத்தினி வருசம் யாருக்கும் தோணலையே! நீங்க நல்லா இருக்கணும்."

ஐரோப்பா சார் அந்த நல்ல மனசைக் கெடுக்க முடியாமல் கோட்டுக்கு வெளியே நின்று, வெளியே போன சைக்கிள்களை எண்ணினார். எல்லா சைக்கிளும் கோட்டுக்கு வெளியேதான் போயின. 'பாதை: பெரும் வரவேற்பு' என்று எழுதியதை நானே பார்த்தேன். பொய்யில்லையே!

இரண்டாவது முயற்சி, மலையடியில் எண்ணிக்கை. மேஜை, குடை, இரண்டு கட்டங்கள் போட்ட தாள். ஒரு கட்டம் 'சைக்கிள் மேல் மனிதர்'. இன்னொன்று 'சைக்கிளைத் தள்ளும் மனிதர்'. ஐரோப்பாவில் இந்த இரண்டுதான் உண்டாம்.

எங்கள் பக்கத்தில் புது சைக்கிள் வாங்கினால், சக்கரத்தை உருட்டுவதற்கு முன்னால் மலைக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு பழக்கம். வசதிப்பட்டவர்கள் மோட்டார் ரோடு வழியாகக் கொண்டுபோவார்கள். வேண்டுதல்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுவார்கள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. அது நம்மை ஆயுசுக்கும் சுமக்கப் போகிறது, நாம் அதை ஒரு தடவை சுமந்தால் குறைந்தா போவோம் என்பது கணக்கு.

அன்று பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள் ஒருவன், உடம்பெல்லாம் வியர்வை, தோளில் பேப்பர் சுற்றிய புது சைக்கிளோடு மேஜையைக் கடந்தான். ஐரோப்பா சார் பேனாவைத் தூக்கியவர் தூக்கியபடி நின்றார்.

"ஒரு நிமிஷம்பா. நீ சைக்கிளைத் தள்ளவும் இல்லை. ஓட்டவும் இல்லை."

"ஆங்."

"சைக்கிள் உன் மேல போகுது."

"ஆங். அதுக்கு இன்னா இப்போ? சீக்கிரம் சொல்லு நைனா, தோளு நோவுது."

"இதை எந்தக் கட்டத்தில எழுதறது?"

"என்னை எழுதாதே, அதை எழுது. நான் சொம்மா தொணைக்குப் போய்கினு கீறேன்."

ஐரோப்பா சார் மூன்றாவதாகக் கையால் ஒரு கட்டம் போட்டார். 'மனிதர் மேல் சைக்கிள்'. மத்தியானத்துக்குள் அந்தக் கட்டத்தில் இன்னும் இரண்டு கோடு விழுந்தது. அவர் தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இதை அங்கே எப்படிங்க நம்ப வைப்பேன்?"

இதற்கிடையில் பரிசுப் பிரச்சினை. காரை விட்ட ஒருவரைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஊரில் சொந்தக் கார் மொத்தம் இரண்டு. ஒன்று டாக்டருடையது. அவர் காரை விட்டால் நாங்கள் உயிரை விட வேண்டியிருக்கும். மற்றது ரைஸ்மில் நைனாவின் அம்பாசடர்.

நைனா என்று ஊரே கூப்பிடும். பெரிய மீசை, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"காரை விட்டீங்களா சார்?" என்று ஐரோப்பா சார் பயந்துகொண்டே கேட்டார்.

"ரெண்டு வருசம் ஆச்சி."

ஐரோப்பா சார் அவசரமாகப் பேனாவைத் திறந்தார். "ஏன் விட்டீங்க? உடற்பயிற்சிக்கா? சுத்தமான காற்றுக்கா?"

"நான் எங்கே சார் விட்டேன்? அது என்னை விட்டுச்சி. கியர்பாக்ஸ் போச்சி. அன்னியிலிருந்து கோழிங்க குந்திகினு கீதுங்க அதுல."

"இப்போ வெளியே எதில போறீங்க?"

"சைக்கிள்லதான். மில்லு ஆளு மிதிப்பான், நான் கேரியர்ல குந்திக்குவேன்."

கார் போய் சைக்கிள் வந்திருக்கிறது. விதிப்படி வெற்றி! ஐரோப்பா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு சுத்தமான கேஸ் கிடைக்காது என்றார் ஐரோப்பா சார். நைனாவுக்கு மாலை போட வேண்டும், லேடீஸ் சைக்கிளைக் கொடுக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

ஆக, எட்டுக் கிராமம் நடக்கிறவருக்கு சைக்கிள் இல்லை. கேரியரில் உட்காருகிறவருக்கு லேடீஸ் சைக்கிள். எப்படி இருக்கிறது நியாயம்?

"பாவா, ஒரே வழிதான் கீது" என்றான் முனிரத்தினம், அன்று சாயங்காலம். "நர்சம்மா காரை விடணும்."

"எந்தக் காரை?"

"நைனா காரை. ஒரே ஒரு வாட்டி உள்ளே குந்த வெச்சி, கதவைத் தொறந்து எறக்கி விட்டுட்டா... அந்தம்மா காரை விட்டு எறங்கினவங்கதானே? நீ பாத்தேன்னு சாட்சி சொல்லு."

சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது அது ரொம்ப நல்ல யோசனையாகத்தான் பட்டது. நைனாவும் 'குந்திட்டுப் போகட்டும்' என்று சாவியில்லாத காருக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார். நர்சம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி மில்லுக்குக் கூட்டிப் போனோம். முனிரத்தினம் பின் கதவைத் திறந்து, சீட்டிலிருந்த கோழியைக் கிளப்பக் கையை ஓங்கினான்.

"தொடாதே!" என்றார் நர்சம்மா.

குனிந்து பார்த்தார். கோழி அடையில் இருந்தது. இறக்கைக்குக் கீழே மெதுவாகக் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் வைத்துக் கேட்டார். திரும்ப வைத்தார்.

"இன்னும் ரெண்டு மூணு நாள்ல பொரிஞ்சிடும். இப்போ கெளப்பினா அவ்ளோதான்."

"நர்சம்மா, ஒரு நிமிசம்தான்... ஓரமா குந்துனாப் போதும்..." என்றேன்.

"ஏங்க, நான் இன்னா வேலை பாக்கறேன்னு மறந்துடுச்சா உங்களுக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தான். நான் கோழியைப் பார்த்தேன். கோழி யாரையும் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் வந்தது. 'சைக்கிள் நாள்'. ஏதோ ஒரு ஊரில் ஞாயிற்றுக்கிழமை கார்களை நிறுத்தி, ஜனங்களை ரோட்டில் சைக்கிள் விடச் சொன்னார்களாம். அதே மாதிரி, மலையடியிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் சாயங்காலம் வரை சைக்கிள் தவிர எந்த வண்டியும் கூடாது. ஜட்கா வண்டிக்காரர்கள் சந்தோஷமாகக் குதிரையை அவிழ்த்துப் போட்டுவிட்டு மேட்னி ஷோவுக்குப் போய்விட்டார்கள். சுற்று வட்டாரத்திலிருந்து ஊர்வலத்துக்கு சைக்கிள் சைக்கிளாக வந்து குவிந்தது. மிட்டாய் உண்டு என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

வண்டி என்று நின்றது ஒன்றே ஒன்று. ஐரோப்பா சார் அரக்கோணத்திலிருந்து அமர்த்தியிருந்த டாக்சி. பத்து நாளும் அவர் அதில்தான் வந்து இறங்கி, சைக்கிளின் நன்மைகளைப் பற்றிப் பேசிவிட்டு, ஏறிப் போனார். கண்ணாடியில் 'ஆய்வு வண்டி' என்று காகிதம் ஒட்டியிருந்தது.

பரிசு சைக்கிள் பூசைக்கு மலை மேலே போயிருந்தது. பரிசானாலும் புதுசு புதுசுதானே? மாலையும் கழுத்துமாக நின்ற நைனாவால் படியேற முடியாது. முனிரத்தினம்தான் தோளில் தூக்கிப் போனான். "யாருக்குப் போனா இன்னா, சைக்கிளு இன்னா பாவம் பண்ணிச்சி?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். நர்சம்மா கூட்டத்தின் ஓரத்தில் குடையோடு நின்றிருந்தார். மேலே படியைப் பார்ப்பதும், பார்க்காத மாதிரி இருப்பதுமாக.

இரண்டரை மணிக்கு சென்னை ரயில். அதை விட்டால் ஐரோப்பா சாருக்கு மறுநாள் காலை சங்கத்துக் கூட்டம் போய்விடும். மணி இரண்டு அடித்திருந்தது.

அப்போதுதான் ஒரு ஆள் ஓடிவந்தான். திருவாலங்காடு ரோட்டில் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்து ஆள். ஏழுமலை என்று பெயர், கரும்பு வெட்டுகிறவன். இடுப்பிலிருந்த கத்தியைக்கூட எடுக்காமல் ஓடிவந்திருந்தான்.

"நர்சம்மா... எம் பொண்சாதிக்கு..."

"எப்போ நோவு எடுத்துச்சி?"

"விடியக் கருக்கல்ல நர்சம்மா."

"இப்பவாடா வர்றே?"

"சைக்கிளு கிடைக்கல நர்சம்மா!" அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "எங்கூர்ல நாலு சைக்கிளு கீது. நாலையும் இங்கே சைக்கிள் நாளுன்னு எடுத்துகினு வந்துட்டாங்கோ. பஸ்ஸும் இல்ல. ஓடியே வந்தேன்."

கொஞ்சம் முன்புவரை பெல்லடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியாக எங்கோ ஒரு பெல் தனியாக 'ட்ரிங்' என்றது. அதற்கும் யாரோ தலையில் ஒரு குட்டு வைத்திருக்க வேண்டும்.

நர்சம்மா பையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். அந்த வழியில் போகிற பஸ் நாலு மணிக்கு. டாக்டர் காரோடு வெளியூர் போயிருந்தார்; யார் கேரியரில் உட்கார்ந்து போனாலும் ஒரு மணி நேரம் ஆகும். அவர் ரோட்டைப் பார்த்த பார்வை இருக்கிறதே... போன ஆடி மாதத்து அரை மணி நேரம் அதில் இருந்தது.

ஐரோப்பா சார் கையிலிருந்த அட்டையை மேஜைமேல் வைத்தார். நேராகப் போய் டாக்சிக் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கம்மா. நீயும் ஏறுப்பா, வழி சொல்லு."

"சார், உங்க ரயிலு..." என்றார் நர்சம்மா.

"ஏறுங்கன்னு சொல்றேன்ல!"

பத்து நாளில் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரே தடவைதான். டாக்சி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. 'ஆய்வு வண்டி' காகிதம் பிய்ந்து பறந்து, நைனா காலடியில் விழுந்தது.

புழுதி அடங்கியதும்தான் ஐரோப்பா சாருக்குத் தன் நிலைமை தெரிந்தது. மணி இரண்டேகால். ஸ்டேஷன் ஒரு மைலுக்கு மேல். ஜட்கா இல்லை. குதிரை இருக்கிறது, வண்டிக்காரன் சினிமாவில். தடை உத்தரவு போட்டவரும் அவரேதான். யாரைக் கோபித்துக்கொள்வது?

அந்த நேரம் பார்த்து, சந்தனம் குங்குமம், ஹேண்டில்பாரில் பூச்சரம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய ஈரத்தோடு முனிரத்தினம் அந்த லேடீஸ் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கினான்.

"பூசை ஆயிடுச்சி. இன்னா, அல்லாரும் மொகத்தைத் தூக்கி வெச்சிகினு கீறீங்க?"

சொன்னோம். அவன் ஐரோப்பா சாரை மேலும் கீழும் பார்த்தான். "சார், உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"காலேஜ்ல படிக்கும்போது... முப்பது வருஷம் ஆச்சே."

"அது மறக்காது சார். குந்துங்க."

"இது லேடீஸ் சைக்கிளாச்சே?"

"ரயிலுக்குத் தெரியவா போவுது?"

உட்கார்ந்தார். பேண்ட் காலை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டார். நைனா தன் கழுத்து மாலையைக் கழற்றி, என்ன தோன்றியதோ, அவர் கழுத்தில் போட்டார். முனிரத்தினம் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினான். வண்டி இடது பக்கம் போய், வலது பக்கம் போய், ஒரு பூக்கடையை விசாரித்துவிட்டு, நேராயிற்று!

பெட்டியோடும் ஃபைலோடும் நான் என் சைக்கிளில் பின்னால். எங்கள் பின்னால் ஊர்வலத்து சைக்கிள் மொத்தமும்.

"பெல்லடிங்க சார்!"

"காலை நல்லா நீட்டி மிதிங்க சார்!"

"ஓரம் போ... ஓரம் போ... ஐரோப்பா வருது!"

தொப்பி எங்கேயோ பறந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நெசவாளர் தெருவில் பாவு போட்டிருந்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். அவர் ஒரு கையை எடுத்துப் பதிலுக்குக் கும்பிடப் போய், சாயப் பார்த்து, அவசரமாகக் கையைத் திரும்ப ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்தேன். மனுஷன் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். பத்து நாளில் ஒரு கேள்வித்தாளும் அவருக்குத் தராத சிரிப்பு.

ஸ்டேஷனில் ரயில் இன்னும் வரவில்லை. எங்கள் பக்கத்து ரயில் நல்ல மனசுள்ள ரயில். பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஃபைலைக் கேட்டார். கடைசிப் பக்கம். 'காரை விட்டு சைக்கிளுக்கு மாறியவர்கள்' என்ற கட்டத்தில் முன்பு எழுதியிருந்த நைனாவின் பெயர்மேல் பேனாவை வைத்து யோசித்தார்.

"அவர் காரை விடலை இல்லையா? கார்தானே அவரை விட்டது?"

"அப்படித்தான் சார் அவரே சொன்னாரு."

அடித்துவிட்டார். கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"விதிப்படி பரிசு எனக்குத்தான்" என்றார், சிரிப்பு இல்லாமல்.

நான் சைக்கிளின் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ரயிலும் வந்துவிட்டது. போர்ட்டர் சைக்கிளைப் பார்த்து, வைக்கோல் சுற்றணும், சீட்டு ஒட்டணும், புக்கிங் ஆபீசைப் பாருங்க, இந்த ரயிலுக்கு முடியாது என்று அடுக்கினார்.

ஐரோப்பா சார் பெட்டியில் ஏறி, ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னார்: "என் சைக்கிளை நர்சம்மாகிட்ட கொடுத்து பத்திரமா வெச்சிருக்கச் சொல்லுங்க. சும்மா நிறுத்தி வெச்சா துருப் பிடிச்சிடும். தினமும் எட்டுப் பத்துக் கிராமமாவது ஓட்டணும். அது என் கண்டிஷன்."

"நீங்க எப்போ சார் வந்து எடுத்துக்குவீங்க?"

"பரிசீலனையில் உள்ளது!" என்றார். ரயில் நகர்ந்தது.

நர்சம்மா மறுநாள் காலை மாட்டு வண்டியில் திரும்பி வந்தார். பெண் குழந்தை. தாயும் நலம். கொஞ்சம் சிக்கலான பிரசவம்தானாம். "கார்ல போனதால அரை மணி முன்னாடியே போய்ட்டேங்க" என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார். அப்புறம்தான் முனிரத்தினம் கடைக்குள்ளிருந்து அந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். அவர் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்தார். பிரசவப் பை கேரியரில் சரியாக உட்காருகிறதா என்று வைத்துப் பார்த்தார். உட்கார்ந்தது.

நைனாவுக்கு வருத்தமில்லை. கோழி குஞ்சு பொரித்துவிட்டது, அம்பாசடரில் இப்போது இடமே இல்லையாம்.

போன வாரம் ஐரோப்பா சாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சங்கத்தில் அறிக்கையைப் படித்துவிட்டு இரண்டு சந்தேகம் கேட்டார்களாம். ஒன்று, 'மனிதர் மேல் சைக்கிள்' என்பது அச்சுப் பிழையா? இரண்டு, இத்தனை சைக்கிள் ஓடுகிற ஊரில் காரை விட்டவர் ஒரே ஒருவர்தானா?

ஆமாம், ஒரே ஒருவர்தான். அவரும் எங்கள் ஊர்க்காரர் இல்லை!